விளக்கை எந்தக் கைப்பக்கம் வைப்பது

நம்புவேலின் தொண்டையில் ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டது. மார்கழி பிறந்ததிலிருந்து துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

"சாமி, நான் வீட்டுக்குப் போகணும்."

அவ்வளவுதான் வார்த்தை. இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் சொன்னால் பெற்ற பிள்ளையைக் கடல் கொண்டுபோய்விடும் என்று பயந்து கிடந்தால், நீங்களும் நானும்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் இருப்போம்.

கதை இதுதான். நம்புவேலுக்குச் சொந்த ஊர் சங்குமுனை. கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவர். பதினைந்து வருஷத்துக்கு முந்தி அடித்த புயலில் அவருடைய மீன்பிடி வல்லம் உடைந்து, ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். கரை ஒதுங்கிக் கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது இரண்டு கால்கள். பூவரச மரத்தடியில் குடிசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சாமியாரின் கால்கள். சாமிக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை. நம்புவேலைவிடப் பத்து வயது இளையவர். உயிர் பிழைத்தவனுக்கு வயசா கண்ணுக்குத் தெரியும்? அந்தக் கால்களைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவே இல்லை.

சாமி செய்தது என்னவோ கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது மட்டும்தான்.

உடம்பு தேறியதும் நம்புவேல் ஒரு சூடத்தை ஏற்றி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அறைந்து அணைத்தார். "உங்களை விட்டுப் போக மாட்டேன் சாமி. போனா என் புள்ளையைக் கடல் கொள்ளட்டும்." கடற்கரையில் இதற்கு மேல் சத்தியம் கிடையாது. கொலைகாரன்கூட சூடத்தை அணைத்துப் பொய் சொல்ல யோசிப்பான்.

சாமி பதறிப்போய், "ஏன்யா கையைச் சுட்டுக்கிட்ட?" என்று தேங்காய் எண்ணெயை எடுக்க ஓடினார்.

அன்றிலிருந்து நம்புவேல் பூவரசடியிலேயே கிடந்தார். தண்ணீர் சுமந்தார், பெருக்கினார், சாமி பேசியதைக் கேட்டார். கடலில் மட்டும் கால் நனைக்கவில்லை. கண்ணெதிரே அலை அடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொண்டாட்டி ராக்கு முதல் வருஷம் ஒரு தடவை வந்து அழுதாள், திட்டினாள், மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அன்றைக்கு மூக்கு ஒழுக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பயல் பூமிராசு இப்போது வளர்ந்து கடலுக்குப் போகிறான்.

மார்கழி பிறந்த அன்றைக்கு மீன்காரி செல்லாயி பூவரசடிக்கு வந்து கூடையை இறக்கினாள். இறக்கிய கையோடு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"உம்ம பொண்டாட்டி சொல்லச் சொன்னா. நல்லாக் கேட்டுக்கிரும். பூமிராசுக்குப் பொண்ணு பேசியாச்சு. தை பிறந்ததும் கல்யாணம். அப்பன்னு ஒருத்தர் வந்து சபையில உக்காந்தா உக்காரட்டும். வரலைன்னா, தாலியைக் கழட்டி அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டு, எம் புருசன் அன்னைக்கே கடலோட போயிட்டான்னு சொல்லி நானே கல்யாணத்தை முடிச்சுக்கிருவேங்கிறா."

நம்புவேல் கணக்குப் போட்டுப் பார்த்தார். போனால் பிள்ளை போச்சு. போகாவிட்டால் பெண்டாட்டி போச்சு. சாமியிடம் கேட்கலாம் என்றால், 'என்னை விட்டுப் போகப் போறியா?' என்று அவர் முகம் வாடிவிட்டால்? அதை எந்தக் கண்ணால் பார்ப்பது? இப்படியே நாள் ஓடியது.

சாமிக்குக் காது செவிடில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"நம்பு, ஒத்தைப்பனைத் தீவுல வெள்ளைக்காரன் கட்டின விளக்கு இருக்காமே. பாத்துட்டு வருவோமா?"

"அதுல என்ன சாமி இருக்கு பாக்க?"

"பாத்தாத்தானே தெரியும். வல்லம் சொல்லி வச்சிருக்கேன்."

"யாரு சாமி ஓட்டுறது?"

"இதென்ன கேள்வி? எனக்கா ஓட்டத் தெரியும்?"

நம்புவேல் கரை வரைக்கும் பின்னாலேயே போனார். குருவின் சொல் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

மிஷினைக் கிளப்பிச் சுக்கானைப் பிடித்ததும் இன்னொரு அதிசயம் நடந்தது. மனசுதான் பயந்துகொண்டிருந்ததே தவிர, கை பயப்படவில்லை. கை பாட்டுக்கு அலை பார்த்து ஒடித்தது, காற்று பார்த்து நிமிர்த்தியது. இத்தனை வருஷமாக எங்கே ஒளிந்திருந்ததோ இந்தக் கை! நம்புவேலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாமிக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது. முன்னால் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

தூரத்தில் விளக்குக் கோபுரம் தெரிந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நின்றது. நம்புவேல் அதைப் பார்த்ததும் சுக்கானைத் திருப்பி வல்லத்தை வேறு பக்கமாக விட்டார்.

சாமி திரும்பிப் பார்த்தார். "நம்பு, விளக்கு அங்கிட்டுல்ல இருக்கு. நீ ஏன் இங்கிட்டுப் போற?"

"அதைப் பாத்து நேராப் போகக் கூடாது சாமி."

"அதைப் பாக்கத்தானே வந்தோம்?"

"பாக்கலாம். அது மேல போகக் கூடாது. அதுக்கு முன்னால பூராவும் பார். தண்ணிக்குள்ள கல்லு கல்லாக் கிடக்கும். போனா வல்லம் சில்லுச் சில்லாப் போயிரும்."

"அப்ப விளக்கு நம்மளை வா, வான்னு கூப்பிடலையா?"

"எங்க கூப்பிடுது?" நம்புவேலுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இவ்வளவு படித்த மனுஷனுக்கு இது தெரியவில்லையே! "வராத, வராதன்னுல்ல சொல்லுது. பார் இருக்குன்னு காட்டத்தான் அந்த இடத்துல விளக்கையே வச்சிருக்கான். கடல் தெரியாதவன்தான் வெளிச்சத்தைக் கண்டதும் அதுமேல போய் விழுவான்."

"வராதன்னு சொல்றதைத் தேடி ஏன்யா எல்லாரும் கண்ணு பூத்துக் கிடக்கீங்க?"

"அது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சாமி, நம்ம வீடு எங்க இருக்குன்னு தெரியும்? எங்க ஊர்க்காரன் அதை இன்ன பக்கம் வச்சுக்குவான், அடுத்த ஊர்க்காரன் இன்ன பக்கம் வச்சுக்குவான். அவனவன் அவனவன் வீட்டுக்குப் போவான். அதுக்குத்தான் விளக்கு."

"ஓ," என்றார் சாமி. வல்லத்தின் ஓரமாகக் குனிந்து காலையில் குடித்த கஞ்சியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார்.

நம்புவேல் விளக்கை வலது கைப்பக்கமாகவே வைத்துச் சுற்றிக்கொண்டு போய், தீவின் பின்பக்கத்து மணலில் வல்லத்தை ஏற்றினார். சாமிக்கே பாடம் சொல்லிவிட்ட பெருமை முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தான் சொன்னது இன்னும் தன் காதிலேயே விழவில்லை.

தீவில் ஆள் நடமாட்டமே இல்லை. தாழம்புதரும் நண்டு வளையும்தான். விளக்கைப் பார்த்துக்கொள்கிற நெய்னா வெளியே ஓடி வந்தார். கீழ்க்கடலோர ஊர்க்காரர், வாய் ஓயாத மனுஷர். மாதக்கணக்கில் ஆள் முகம் பார்க்காதவர் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்கே தெரியும்.

"அட வாங்க, வாங்க! சாமியா? வாங்க சாமி. ஆளு வந்தே எம்புட்டு நாளாச்சு! டீ போடவா? பால் பவுடர் டீதான். முதல்ல மேல ஏறிப் பாத்துருங்க, பொறவு முட்டி வலிக்குதுன்னுருவீங்க."

வாசலுக்கு மேலே ஒரு கல்லில் இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது. கடல் காற்று பாதியைத் தின்றுவிட்டது. உள்ளே இரும்புப் படி சுற்றிச் சுற்றிப் போனது. நெய்னாவும் சாமியும் முன்னால் ஏறினார்கள். நம்புவேல் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். உச்சியில் கல்யாண வீட்டு அண்டா பெரிசுக்குக் கண்ணாடி ஒன்று, விளிம்பு விளிம்பாக அடுக்கியது. அதற்குள்ளே பார்த்தால், அடேயப்பா, இத்தனூண்டு பல்பு.

"இதுவா சாமி அவ்வளவு தூரம் தெரியுது?" என்றார் நம்புவேல்.

சாமி கண்ணாடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நெய்னாவிடம் கேட்டார். "ஏன் பாய், இந்த வெளிச்சத்தால உசுரு பிழைச்சு வீடு போய்ச் சேந்தவங்க நெறையப் பேரு இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்களே. இந்தக் கரை பூராவும் இருப்பாங்க."

"அவங்கள்ல யாராவது இங்க வந்து, இனிமே உன்னை விட்டுப் போகவே மாட்டேன்னு விளக்கைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்களா?"

நெய்னாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்லாக் கேட்டீங்க போங்க! வேற வேலை இல்லையா அவனுக்கு? வீடு போய்ச் சேந்தவன் சோத்தைத் தின்னுட்டுப் படுப்பான் சாமி. விளக்கு நெனப்பு அவனுக்கு எதுக்கு? இதுக்கு அடியிலயே குடியிருக்கறது நான் ஒருத்தன்தான். அதுவும் சம்பளத்துக்கு."

நம்புவேல் சிரிக்கவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். அந்த உயரத்திலிருந்து சங்குமுனை அப்படியே தெரிந்தது. கரையில் ஏற்றிய வல்லங்கள், காயப் போட்ட வலை, கோயில் வேம்பு. வேம்புக்குத் தெற்கே ஓட்டு வீடு. அந்த வீட்டிலிருந்து அடுப்புப் புகை வந்தது. ராக்கு உலை வைத்திருக்கிறாள்.

நம்புவேலுக்குக் கண் கலங்கியது. காலையில் தானே சாமியிடம் எரிந்து விழுந்து சொன்னதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடல் காற்று என்று நெய்னா நினைத்துக்கொண்டிருப்பார். சாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

டீ குடித்து, நெய்னாவின் பேச்சைக் கேட்டு, அவர் குடும்பத்துக் கதையெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது. நெய்னா மேலே போய்ப் பொத்தானை அமுக்கினார். கண்ணாடி அண்டா மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. வெளிச்சம் கடல் மேல் ஒரு வீச்சு வீசிப் போனது.

இருவரும் வல்லத்தில் ஏறினார்கள். நம்புவேல் பழக்கத்தில் பூவரசடிப் பக்கமாகச் சுக்கானைத் திருப்பினார்.

"நம்பு."

"சாமி."

"இங்க இருந்து சங்குமுனைக்குப் போகணும்னா விளக்கை எந்தக் கைப்பக்கம் வைக்கணும்?"

நம்புவேலின் கை நின்றுவிட்டது. வல்லம் தானாகக் கொஞ்சம் ஆடியது. அவர் திரும்பி விளக்கைப் பார்த்தார்.

"கைப்பக்கம் இல்ல சாமி. முதுகுக்குப் பின்னால வைக்கணும். வச்சிட்டு நேராப் போகணும். நமக்கு முன்னால தண்ணியில அதுவே வெளிச்சம் போட்டுக் குடுக்கும்."

"அப்ப வை."

அவ்வளவுதான். மார்கழி பூராவும் அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. நம்புவேல் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"எனக்கு வீட்டுக்குப் போகணும் சாமி. எம் புள்ளை கல்யாணத்தைப் பாக்கணும். ராக்கு கையால ஒரு வாய் சோறு திங்கணும். ஆனா சூடம் அணைச்சிருக்கேனே! பூமிராசு கடலுக்குப் போற புள்ள சாமி. உங்களை விட்டுப் போயி, அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"என்னை விட்டு எங்கய்யா போற? நானும்தானே வல்லத்துல இருக்கேன்," என்றார் சாமி. "வெரசா ஓட்டு. எனக்கு மறுபடியும் குமட்டுது."

நம்புவேல் சுக்கானை ஒடித்தார். விளக்கு முதுகுக்குப் பின்னால் போனது.

சங்குமுனைக் கரையில் வலை மடித்துக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வல்லத்தின் மூக்கைப் பிடித்தான். ஆளை உற்றுப் பார்த்தான். "யாரு வல்லம்?" என்று கேட்கத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"அப்பாவா?"

நம்புவேல் எட்டிக் குனிந்தார். அவன் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார். முழுசாக இருக்கிறான். தண்ணீரில் நிற்கிறான், ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சில் இருந்த பாறாங்கல் பாதி இறங்கியது.

பூமிராசுவைப் பார்த்துச் சாமி, "வீடு எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அவர் பின்னாலேயே நம்புவேல் போனார்.

ராக்கு வாசலுக்கு வந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். "தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. எண்ணெய் வச்சா என்ன கேடு?" என்று ஒரே அதட்டு. அதட்டிவிட்டு உள்ளே போய்த்தான் அழுதாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ராக்குக்கு யோசனை. "சாமி மீன் சாப்பிடுவீங்களா?"

"போட்டாத்தானே தெரியும்," என்றார் சாமி.

தெரிந்தது. மூன்று தடவை குழம்பு வாங்கிக்கொண்டார்.

சாமி குறட்டை விட்டுத் தூங்கினார். நம்புவேலுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. சாமி இங்கேயே இருப்பாரா? மாட்டார். விடிந்தால் கிளம்பிவிடுவார். அப்போது என்ன செய்வது? பின்னாலேயே போனால் ராக்குவை இரண்டாம் தடவை கொன்ற மாதிரி. போகாவிட்டால் சத்தியம். புரண்டு புரண்டு படுத்தார். பூமிராசு விடிவதற்கு முன்பே வலையை எடுத்துக்கொண்டு போவது காதில் விழுந்தது. ஒவ்வொரு அடியும் அவர் நெஞ்சில் மிதித்தது.

விடிந்ததும் சாமி முகம் கழுவி, துணிப்பையைத் தோளில் போட்டார். மேலத்தெருவில் நிற்கிற பஸ்ஸில் போகப் போவதாகச் சொன்னார். "செத்தாலும் இனிமே வல்லத்துல ஏற மாட்டேன் தாயி," என்று ராக்குவிடம் கும்பிட்டார்.

நம்புவேலும் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ராக்கு நிலைப்படியில் நின்றாள். அவள் கை கழுத்துத் தாலியைப் பிடித்திருந்தது.

சாமி தெருவில் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். "எங்க வர்ற?"

"உங்ககூடத்தான் சாமி."

"எதுக்கு?"

"உங்களை விட்டுப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே."

"நீ போகலையே நம்பு. நீ உன் வீட்டு வாசல்ல நிக்கிற. நான்ல உன்னை விட்டுப் போறேன்."

நம்புவேல் முழித்தார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. விளங்கியதும் தெருவென்றும் பாராமல் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து இருமலாக வந்தது. கடலில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அடிவயிறு வரைக்கும் மூச்சு இறங்கியது. ஆனாலும் சாமியின் முதுகு தெருவில் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"என்னை விட்டுப் போறதுக்கு உங்களுக்கு எப்படி சாமி மனசு வருது?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்.

சாமி திரும்பாமலே இரண்டு உள்ளங்கையையும் மேலே தூக்கி விரித்துக் காட்டினார்.

"சூடம் அணைச்சவன் நீ. என் கையைப் பாத்தியா, சூடே பட்டதில்ல."